பொய் சொல்ல ஓர் அட்டை

எல்க்ஹார்ன், விஸ்கான்சின்
ஜனவரி 9, 1993

அன்புள்ள கொரின் அக்கா,

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் மணி அடித்தால் டெல்மர் மச்சான்தான் முதலில் போய் எடுக்கிறாராம். எடுத்த பிறகு பேச்சு வராமல் அதைக் காதில் வைத்தபடியே நிற்கிறாராம். நம் விளையாட்டுக் கூட்டாளி மார்வா சொன்னாள். பக்கவாதத்தில் பேச்சுப் போன மனிதரை அப்படி நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு, அக்டோபருக்குப் பிறகு என் குரலைக் கேட்கும் ஆசை உனக்கும் இருக்காது. ஆகவே தபால்.

கூடவே வரும் தடித்த காகிதக் கட்டைப் பார்த்து மிரளாதே. நான் இரண்டு வருஷமாக முட்டி மோதி எழுதிய இணைப்பு நூல் அது. பெயர் ‘உள்விழி’. நாம் உன் வீட்டு நிலவறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிப் பதினைந்து வருஷமாக ஆடினோமே அதே ‘நெடுங்காவல்’ விளையாட்டுக்குத்தான். வாளும் மந்திரமும் டிராகனும் ஜனங்களுக்கு அலுத்துவிட்டதாம். இப்போது மனசாலே கல்லைத் தூக்க வேண்டுமாம், அடுத்தவன் நினைப்பதைப் படிக்க வேண்டுமாம். மனோசக்தி! விளையாட்டை விற்கும் எங்கள் கம்பெனி அதை மார்ச்சில் வெளியிடப் போகிறது. ஆட்டத்தை நடத்தும் நடுவராக ஊரெல்லாம் பெயர் வாங்கியவன் நான், ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கே எந்த விதி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க நாலு ஊருக்கு அனுப்பினேன். ஒஹையோக்காரர்கள் “இதுங்களுக்கு ரொம்ப சக்தி குடுத்துட்டீங்க, வீரனுக்கு வேலையே இல்ல” என்கிறார்கள். நெப்ராஸ்காவில் “இதுக்கு ஒரு கவண்கல்லே தேவலாம்” என்கிறார்கள். டுலூத்தில் ஒருவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, டிராகன் இருக்கும் உலகத்தில் மனோசக்திக்கு இடமில்லை என்று மேலட்டையைக் கிழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் முதலாளி ஹால்வரின் கருத்து ஒன்றே ஒன்றுதான்: பக்கம் அதிகம்.

விதியில் ஓட்டை கண்டுபிடிக்க உன்னை விட்டால் இந்த மாநிலத்தில் ஆள் கிடையாது. ஒரு வாளி எண்ணெயையும், கயிறு பற்றி நான் அசட்டையாக எழுதிய ஒரு வரியையும் வைத்துக்கொண்டு என் டிராகனைச் சாகடித்தவள் நீ. இதையும் படித்துக் கிழி. 41ஆம் பக்கத்தை மட்டும் கடைசியில் படி, ஆற அமரப் படி.

அக்டோபரில் மச்சான் மேசையைக் கவிழ்த்தது பேச முடியாத ஆத்திரத்தில்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர் மேல் வருத்தம் கிடையாது. “இனிமே பகடையைத் தூக்கிட்டு என் வீட்டுப் படி ஏறாதே” என்று நீ சொன்னாய். நான் ஏறவில்லை. தபால்காரர்தான் ஏறுகிறார்.

உன் தம்பி,
லோவெல்

•

கிவானி
ஜனவரி 22

லோவெல்,

பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டி முடித்துவிட்டு, மத்தியான ஓட்டத்துக்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில் படித்தேன். வண்டியில் ஹீட்டர் சரியில்லை. விரல் விறைத்துப் போய் எழுதுகிறேன், கோபத்தில் கையெழுத்து கோணுகிறது என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமும் இருக்கிறது.

நீ கேட்டாய், சொல்கிறேன். ஒரே உறையில் இரண்டு கத்தி வைத்திருக்கிறாய். மந்திரவாதி ஏற்கனவே பறக்கிறான், தீ மூட்டுகிறான், மறைகிறான். உன் மனோசக்திக்காரனும் பறக்கிறான், தீ மூட்டுகிறான், மறைகிறான். ஒருவன் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுக்கிறான், இன்னொருவன் நெற்றியைச் சுருக்குகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். நெற்றியைச் சுருக்குவதற்கு எதற்கையா இத்தனை பக்கம்?

மனத்தோடு மனம் மோதும் சண்டைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். ஐந்து தாக்குதல், ஐந்து தடுப்பு, அதற்குள் எண்கள். அந்த இரண்டு பேர் கண் இமைக்காமல் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு பகடை உருட்டும் நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நம் ரோலி எழுந்து போய் சீஸ் முழுவதையும் தின்றுவிட்டு வருவான். மனப்புள்ளிகளைக் கூட்டிக் கழிப்பது வருமான வரிக் கணக்கு மாதிரி இருக்கிறது. அப்புறம் அடுத்தவன் மனத்தைப் படிக்கும் சக்தி. அரசனைக் கொன்றது யார் என்று மூன்று வாரம் ஓடவேண்டிய கதை, ‘நான் எல்லார் மனசையும் படிக்கிறேன்’ என்று ஒருவன் சொன்னால் அங்கேயே முடிந்தது. அதற்கு ஒரு விலை வை. படிக்கிறவனுக்கும் ஏதாவது போக வேண்டும்.

நல்லதும் இருக்கிறது. ஒரு பொருளைத் தொட்டால் அதைக் கடைசியாக வைத்திருந்தவனின் பயம் மட்டும் தெரியும் என்று எழுதியிருக்கிறாய் பார், அது அழகு. அதை எழுதியது என் தம்பிதானா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.

இப்போது 41ஆம் பக்கம்.

‘மௌனி’ என்று ஒரு பாத்திரம். நாக்கில்லாதவன், மனத்தால் மட்டும் பேசுகிறவன். அவனை ஆடுபவர் மேசையில் வாய் திறக்கக் கூடாது. ‘முன்னே’, ‘பின்னே’, ‘ஆபத்து’, ‘எதிரி’, ‘பொறு’, ‘வேண்டாம்’ என்று சில அட்டைகளைத்தான் காட்டலாம். மௌனி காட்டுவது எப்போதும் உண்மை, அவன் காட்டும் வழியில் போகிறவர்கள் பகடையில் தோற்பதில்லை. யாருக்காக எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை தோறும் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். அவளும் அட்டைதான் காட்டுகிறாள். தண்ணீர், கக்கூஸ், வலிக்கிறது. போன வாரம் டெல்மர் அதையெல்லாம் அடுப்புக்குப் பின்னால் விட்டெறிந்தான். நீ அதற்கு வாள் படம் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

அவன் ஏன் மேசையைக் கவிழ்த்தான் என்று உனக்குத் தெரியும் என்கிறாய். உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவன் ஆடும் திருடன் கிரிப் கோட்டைச் சுவரைத் தாண்டப் பாய்ந்தான். பதினொன்றாவது விழ வேண்டும், குறைந்தால் சாவு. இருபது முகப் பகடையை இடது கையால் உருட்டினான். விழுந்தது மூன்று. நீ குனிந்து பார்த்துவிட்டு, “தாண்டிட்டான்!” என்றாய். ரோலி கைதட்டினான். மார்வா “சபாஷ் டெல்மர்” என்றாள். அவனுக்குப் போனது பேச்சு, லோவெல். கண் போகவில்லை. எண்ணும் போகவில்லை.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டே, பாத்திரம் செத்தவன்தான் மேலே சமையலறைக்குப் படியேறிப் போய் எல்லோருக்கும் சாப்பாடு எடுத்து வர வேண்டும் என்று. அன்றைக்கு கிரிப் சாகவில்லை என்று நீ சொன்னதால் டெல்மர் போக வேண்டிய இடத்தில் ரோலி போனான். அவன் தட்டோடு படியிறங்கி வரும்போதுதான் மேசை கவிழ்ந்தது. யோசித்துப் பார்.

கொரின்

•

எல்க்ஹார்ன்
பிப்ரவரி 2

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வெளியே எடுத்தால் மறுபடி படிக்க வேண்டி வரும் என்று பயம்.

மனத்தைப் படிப்பதற்கு விலை வைத்துவிட்டேன். படிக்கிறவன் தன் ஞாபகம் ஒன்றை இழக்கிறான். நீ சொன்ன சண்டைக் கட்டத்தையும் பாதியாக வெட்டினேன். ஒஹையோக்காரர்களிடம் போனில் சொன்னேன், அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, கட்டம்தான் நூலிலேயே நன்றாக இருந்ததாம். ஹால்வர் என் மேசைக்கு வந்து, “ஏன்யா, உனக்கு ஒரு முடிவே கிடையாதா? அக்கா சொன்னா வெட்டுவே, ஒஹையோ சொன்னா ஒட்டுவே. இது புத்தகமா, பழைய கால்சட்டையா?” என்று கேட்டார். இந்த நூலைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. தபால் பெட்டியைத் திறந்தால் கருத்து, காபி வைக்கப் போனால் கருத்து. எனக்குத்தான் ஒரு கருத்தும் மிச்சமில்லை.

நான் அந்த மூன்றைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுடைய வலது கை மடியில் செத்துக் கிடந்தது. பதினைந்து வருஷமாக அந்தத் திருடனை ஆடியிருக்கிறார். “கிரிப் செத்தான்” என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஒரு விளையாட்டில்கூட அவருக்கு இன்னும் ஒரு சாவு வேண்டுமா என்று தோன்றியது.

நீ சொல்வது சுலபம். நடுவர் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பாயா? சத்தியமாகச் சொல்.

மௌனியை நான் கேலிக்கு எழுதவில்லை. மச்சான் மேசைக்குத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அவர் சும்மா உட்கார்ந்திருக்க, ரோலி அவர் சார்பாகப் பேசுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த மேசையில் அவர்தானே அதிகம் பேசுவார்? அவர் இல்லாத மேசைக்கு நான் எழுதும் விதி எதுவும் எனக்கே ருசிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்தை அவரோடு ஆடிப் பார். நான் வரவில்லை. எது சரியில்லை என்று மட்டும் எழுது, நூலில் திருத்திப் போட்டுவிடுகிறேன்.

லோவெல்

•

கிவானி
பிப்ரவரி 12

லோவெல்,

முடியாது.

இரண்டு நாள் பனி. சக்கரத்தில் சங்கிலி கட்டிப் பேருந்து ஓட்டினேன். வீட்டுக்கு வந்தால் டெல்மர் தானே சட்டைப் பொத்தான் போட முயன்று, பாதியில் விட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். என்ன கேட்டாலும் “சரி சரி.” பசிக்கிறதா? “சரி சரி.” கோபமா? “சரி சரி.” அவனுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தபோது ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தையே தன் வாயால் கலைத்தவன். அன்றைக்கு வாயை மூடு என்று நான்தான் திட்டினேன். எனக்கு அலுத்துவிட்டது தம்பி. அவனைப் பற்றி அலுக்கவில்லை, தினமும் நல்லவளாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. தேவாலயத்தில் எல்லோரும் “பாவம் டெல்மர், என்ன பொறுமை!” என்கிறார்கள். அவனா பொறுமைசாலி? அடுப்புக்குப் பின்னால் இன்னும் அட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நூலில் போடுகிறேன் என்கிறாயே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. என் வீட்டுக் கஷ்டத்தைக் கடை அலமாரியில் வைத்து விற்காதே. நெப்ராஸ்காவில் யாரோ ஒருவன் என் புருஷனை அட்டையும் கையுமாக நடித்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பான்.

சத்தியமாகச் சொல் என்று கேட்டாய். தெரியாது. அதுதான் சத்தியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. உன் விதியில் பெரிய ஓட்டை அது. மௌனி காட்டுவது எப்போதும் உண்மை என்று எழுதியிருக்கிறாய். ஊமை என்றால் யோக்கியன் என்று உனக்கு யார் சொன்னது? கிரிப் நம்மையெல்லாம் எத்தனை தடவை விற்றிருக்கிறான்! பங்கு பிரிக்கும்போது என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு மாணிக்கந்தான் இருந்துது கொரின், சத்தியமா” என்பான், மூன்றாவது அவன் செருப்புக்குள் இருக்கும். அவனுக்கு நீ தந்த அட்டைக் கட்டில் ‘ஆபத்து’ இருக்கிறது, ‘பொறு’ இருக்கிறது, தேவதூதன் கையில் இருக்க வேண்டிய எல்லாம் இருக்கிறது. பொய் சொல்ல ஓர் அட்டைகூட இல்லை. தோற்கவும் முடியாது, பொய்யும் சொல்ல முடியாது என்றால் அது டெல்மர் இல்லை. அது ஊர் சொல்லும் பாவம் டெல்மர்.

கொரின்

•

எல்க்ஹார்ன்
பிப்ரவரி 25

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே 41ஆம் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது மௌனிக்குச் சலுகை எதுவும் கிடையாது. எல்லோரையும் போலப் பகடை உருட்டுவான், எல்லோரையும் போலச் சாவான். அட்டைகளில் ஒன்று கறுப்பு. மற்றவர்களுக்கு ஓர் அட்டையைக் காட்டும்போது, அதே நேரத்தில் கறுப்பு அட்டையை மேசைக்கு அடியில் நடுவர் கையில் கொடுத்தால், காட்டியது பொய் என்று அர்த்தம். நடுவருக்கு மட்டும் தெரியும். நடுவர் அதைக் காட்டிக் கொடுக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நூலில் அப்படி இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். ஹால்வரிடம் எடுத்துப் போனேன்.

வாசித்தார். “நல்லாத்தான்யா இருக்கு,” என்றார். “ஆனா ஜனங்க மேசைக்கு வர்றதே வாயடிக்கத்தான். பேசாம இருக்கிறதுக்கு ஒரு விதின்னு போட்டா எவன் வாங்குவான்? இந்தப் பக்கத்துல அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம் போட்டா அச்சுக்கூலியாவது தேறும்.” நான் வாதாடினேன். கொஞ்ச நேரம்தான். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். நானும் களைத்தவன். வெட்டிவிட்டார். நூல் மற்றபடி அச்சுக்குப் போய்விட்டது. 41ஆம் பக்கத்தில் சிரிக்கும் பூதம் ஒன்று ‘விரைவில்’ என்கிறது.

ஆக, உன் ஆசைப்படியே ஆயிற்று. உன் வீட்டுக் கஷ்டம் எந்த அலமாரிக்கும் போகாது. கிழித்த பழைய பக்கம் குப்பையில், புதிய பக்கம் இந்த உறையில். வேறு பிரதி இல்லை. அட்டைகளை இங்கே படம் வரையும் பெண் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைந்து தந்தாள், ஏன் என்று கேட்கவில்லை. கறுப்பு அட்டையில் மட்டும் எதுவும் வரைய வேண்டாம் என்று நானே சொன்னேன்.

என்ன செய்வதென்று நீயே முடிவு செய். அடுப்பில் போட்டாலும் சரி. நான் இனி இதைப் பற்றி எழுதமாட்டேன். மச்சானை விசாரித்ததாகச் சொல். சொல்ல வேண்டாம் என்றால் வேண்டாம்.

லோவெல்

•

கிவானி
மார்ச் 16

தம்பிக்கு,

உன் உறை இரண்டு வாரம் ரொட்டி டப்பாவுக்கு மேலேயே கிடந்தது. அடுப்பில் போடத்தான் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, அந்த விதி இனி உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது, அதைப் பார்த்துப் பாவப்படவும் சிரிக்கவும் ஆளில்லை என்று. டெல்மர் முன்னால் அட்டைகளை வைத்தேன். பயிற்சிக்காரி அட்டை என்று நினைத்துக் கையை ஓங்கினான். “இரு, இதுல உனக்கு ஒண்ணு இருக்கு,” என்று கறுப்பு அட்டையை எடுத்துக் காட்டி, அது எதற்கென்று சொன்னேன். அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். அப்புறம் எழுந்து அலமாரியைத் துழாவி கிரிப்பின் விவரம் எழுதிய தாளைக் கொண்டு வந்து போட்டான், காபிக் கறையோடு அந்தப் பழைய தாளை. வேறு புதுப் பாத்திரம் வேண்டாமாம். “அப்ப கிரிப்போட நாக்கை யாரோ அறுத்துட்டாங்க, அப்படித்தானே?” என்றேன். “சரி சரி” என்றான். இந்த முறை அது நிஜமாகவே சரிதான் என்று கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து ரோலியும் மார்வாவும் வந்தார்கள். நடுவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டேன்: “யாராவது டெல்மருக்காகப் பேசினா, அவங்க பாத்திரத்தை நானே கொன்னுடுவேன்.” ரோலி, “அம்மாடி, இவளுக்கு லோவெலே தேவலாம்” என்றான்.

கதை இதுதான். உறைந்த ஏரி, நடுவில் தீவு, தீவில் ஒரு கிரீடம். தீவை கிரிப் தன் உள்விழியால் பார்த்தான், அதாவது உன் விதிப்படி புள்ளி செலவழித்து, பகடை உருட்டி வென்றான். கிரீடம் இருப்பதையும் காவல் யாரும் இல்லை என்பதையும் அவன் காதில் மட்டும் சொன்னேன். மற்ற இருவரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் ‘ஆபத்து’ அட்டையை உயர்த்தினான், கூடவே ‘பொறு’. முகத்தை அப்படி ஒரு பாவமாக வைத்துக்கொண்டான். அதே நேரத்தில் மேசைக்கு அடியில் என் உள்ளங்கையில் ஏதோ உரசியது. கறுப்பு அட்டை.

லோவெல், எனக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியதாகிவிட்டது. பக்கவாதக்காரன் பொய் சொல்வானா என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ரோலி தன் வீரனைக் கரையில் கூடாரம் போட வைத்தான். மார்வா “டெல்மர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தீ மூட்டினாள். கிரிப் அவர்கள் தூங்கியதும் தனியாகப் பனி மேல் நடந்து போய், கிரீடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினான். பழைய டெல்மர், அப்படியே.

திரும்பும் வழியில்தான் பனி விரிசல் விட்டது. தப்பிக்கப் பதினொன்று வேண்டும். கூட அந்த இருவரும் கயிறோடு வந்திருந்தால் பகடையே தேவையில்லை. பேராசை. இடது கையால் உருட்டினான். பகடை கடுகு ஜாடியில் இடித்துச் சுற்றி நின்றது. மூன்று. நான் எழுதினால் நீ நம்பமாட்டாய், மார்வாவைக் கேள்.

ரோலி என்னைப் பார்க்கிறான். மார்வா என்னைப் பார்க்கிறாள். டெல்மர் மட்டும் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷத் திருடன். அக்டோபரில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது, அதற்காக உன்னை அவ்வளவு ஏசியிருக்க வேண்டாம் என்றும் தெரிந்தது. டெல்மர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நீயுமா, என்று கேட்பது மாதிரி இருந்தது.

“பனி உடைஞ்சுது,” என்றேன். “கிரிப் செத்தான்.”

அவன் பகடையை எடுத்துச் சுவரில் எறிந்தான். எறிந்துவிட்டு, தெளிவாக, ஊருக்கே கேட்கும்படி, “ஏமாத்துக்காரி!” என்றான்.

பதினைந்து வருஷமாக அந்த மேசையில் அவன் என்னைத் திட்டும் வார்த்தை அது. பக்கவாதத்துக்குப் பிறகு, ‘சரி சரி’யைத் தவிர நான் கேட்ட முதல் வார்த்தை. ரோலிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. “அடப் பாவி, ஆபத்துன்னு காட்டினியே! எங்களையே ஏமாத்திட்டு நீ மட்டும் கிரீடத்தைத் தூக்கப் போனியா? திருட்டுப் பயலே!” என்று கத்தினான். டெல்மர் சிரித்தான். வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது, போதும்.

அப்புறம் அவன் எழுந்தான். எதற்கு என்று எனக்கு உடனே புரிந்தது. செத்தவன்தானே சாப்பாடு எடுத்து வர வேண்டும்? ரோலி பாதி எழுந்தான். “உக்காரு ரோலி,” என்றேன். டெல்மர் படியின் கைப்பிடிக் கம்பியை இடது கையால் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்து, நின்று, மறுபடி ஏறினான். நான் என் கையை என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மேலே குளிர்பெட்டி திறக்கும் சத்தம். ஏதோ விழுந்து உடைந்தது. மார்வா அழ ஆரம்பித்தாள். நானும்தான். யாரும் மேலே போகவில்லை.

திரும்பி வரும்போது ரொட்டிப் பை பல்லில் தொங்கியது, சாசேஜ் சட்டைக்குள் செருகியிருந்தது. கத்தியை மறந்துவிட்டான். ரோலி கையாலேயே பிய்த்துக் கொடுத்தான். அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் எட்டு மாதமாகச் சாப்பிடவில்லை.

உனக்கு அழகான முடிவு வேண்டியிருக்கும். அது கிடையாது. மறுநாள் காலை அந்த வார்த்தையை மறுபடி சொல்ல வைக்கப் பார்த்தேன், நானே என்னைத் திட்டிக் காட்டினேன். “சரி சரி” என்றான். பயிற்சிக்காரி, திட்டுவது சிலருக்குத் தானாக வரும், அதை வைத்து ரொம்ப நம்பிவிடாதீர்கள் என்றாள். பொத்தான் இன்னும் நான்தான் போட்டு விடுகிறேன். பேருந்தின் ஹீட்டரும் அப்படியேதான் இருக்கிறது.

உன் நூல் வந்துவிட்டது, பக்கத்து நகரத்துக் கடைக்குப் போன ரோலி ஒன்று வாங்கி வந்தான். தொட்டால் பயம் தெரியும் பகுதியை வைத்திருக்கிறாய். நல்லது. ஞாபகத்தை விலையாகக் கொடுக்கும் விதி முதலில் நான் நினைத்ததைவிடக் கொடுமையாக இருக்கிறது, அதுவும் நல்லதுதான். 41இல் அந்தப் பூதம் அசிங்கமாக இருக்கிறது.

இன்று காலை காபி குடிக்கும்போது டெல்மரைக் கேட்டேன். “அடுத்த ஞாயித்துக்கிழமை லோவெலை வரச் சொல்லட்டுமா?” அவன் கோப்பையை வைத்தான். சட்டைப் பையிலிருந்து அட்டைக் கட்டை எடுத்தான், இப்போது அதை எங்கேயும் விட்டுவிட்டுப் போவதில்லை. நிதானமாகத் தேடி, ‘வேண்டாம்’ அட்டையை என் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தான். கண்ணில் அப்படி ஒரு கடுப்பு. சரி, இன்னும் ஆறவில்லை, வர வேண்டாம் என்று உனக்கு எழுதி விடுவோம் என்று எழுந்திருக்கப் போனேன்.

மேசைக்கு அடியில் என் முழங்காலில் ஏதோ குத்தியது. கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். கறுப்பு அட்டை.

நடுவர் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று விதி எழுதியவன் நீ. நான் காட்டிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா. பகடை கொண்டு வா.

கொரின்